டிக்கிக்குப் போன பேட்டரி

எனக்கு லைசென்ஸ் தபால்ல வந்த அன்னைக்கே எங்க வீட்டுக் காருக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு.

அன்னைக்குக் காலையிலகூட நல்லாத்தான் இருந்துச்சு. என் வீட்டுக்காரர் அதுல போய் முடி வெட்டிக்கிட்டு வந்தாரு. தலையில இருக்கறது பதினேழு முடி. அதுக்கு ஒரு கார், ஒரு சலூன், ஒரு மணி நேரம். மத்தியானம் தபால்காரர் கவரைக் கொடுத்தாரு. நான் பிரிச்சு, என் போட்டோ போட்ட அட்டையை அவர் கண்ணாடிக்கு நேரா நீட்டினேன். படிச்சாரு. மறுபடியும் படிச்சாரு. திருப்பிப் பின்பக்கத்தையும் படிச்சாரு, அங்க எங்கயாவது ‘சும்மா விளையாட்டுக்கு’ன்னு போட்டிருக்குமோன்னு.

“ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு நானே ஓட்டிக்கிட்டுப் போறேங்க.”

“எதுல?”

“கார்லதான். பின்ன கப்பல்லயா?”

“காருக்கு எஞ்சின் போயிடுச்சே.”

“எப்போ?”

“இப்பதான். சலூன்லேர்ந்து வரும்போது ஒரு சத்தம் கேட்டுச்சு.”

“என்ன சத்தம்?”

“போற சத்தம்.”

அறுபத்து மூணு வயசுல நான் முதல் தடவையே பாஸ் பண்ணிட்டேன். அவரு அந்தக் காலத்துல மூணாவது தடவைதான் பாஸ். முதல் தடவை ரிவர்ஸ் எடுத்து இன்ஸ்பெக்டர் சைக்கிள் மேல ஏத்திட்டாரு. ரெண்டாவது தடவை அதே இன்ஸ்பெக்டர், புது சைக்கிள். அதே ரிவர்ஸ். மூணாவது தடவை இன்ஸ்பெக்டர் நடந்தே வந்தாராம். அதனாலதான் பாஸ்னு நான் சொல்லுவேன். அவரு சிரிக்க மாட்டாரு.

எனக்கு எதுக்கு லைசென்ஸ்னு கேப்பீங்க. ஊர் சுத்தவா? எங்க அக்கா வீட்டுக்குத்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா. முழங்கால் மடங்காது, அவளால வர முடியாது. நான்தான் போகணும். போனா இவருதான் கொண்டு விடணும். விட்டுட்டு உள்ள வர மாட்டாரு, வண்டியிலயே உட்காந்திருப்பாரு. பத்தே நிமிஷம். அப்புறம் வாசல்ல ஹாரன். நானும் அக்காவும் முப்பத்தஞ்சு வருஷமா ஒரு பேச்சையும் முழுசாப் பேசி முடிச்சதில்ல. அவ பெரிய நாத்தனார் ஏன் வீட்டை விட்டுப் போனாங்கற கதையை ஆரம்பிச்சு வருஷம் ஒம்போது ஆச்சு. இன்னும் அந்த நாத்தனார் பெட்டியைத்தான் எடுத்து வச்சுக்கிட்டிருக்கா. வாசப்படி தாண்டல. அதுக்குள்ள ஹாரன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு முழு மத்தியானம். யாரும் கூப்பிடாத ஒரு மத்தியானம்.

அது அவருக்கும் தெரியும். அதனாலதான் எஞ்சினுக்குப் போற சத்தம் கேட்டுச்சு.

மறுநாள் சபதம் எடுத்தாரு. “எஞ்சினை மாத்தப் போறேன். நானே. என் கையால.” இவரு வாழ்நாள் பூரா நகராட்சியில படம் வரைஞ்சவரு. இந்த ஊர்ச் சாக்கடை அத்தனையும் இவரு காகிதத்துல ஓடின பிறகுதான் தெருவுல ஓடுச்சு. பென்சில் பிடிச்ச கை. ஸ்பேனரைக்கூடப் பென்சில் மாதிரி மூணு விரல்லதான் பிடிப்பாரு.

பழைய வண்டிக் கடையிலேர்ந்து ஒரு எஞ்சின் வந்து இறங்குச்சு. எங்க கார் சின்னது, எஞ்சின் பெருசு. கூடவே அந்த வண்டியோட வயர் கட்டு, முன் சீட்டு ரெண்டு, பெயர் தெரியாத சாமான் ஒரு மூட்டை. எதிர்வீட்டு வெல்டர் சங்கிலி போட்டுப் பழசை வெளிய தூக்கி, புதுசை உள்ள இறக்கினாரு. இறக்கிட்டு மூணு பேரும் எட்டிப் பாத்தோம். எஞ்சின் உட்காந்த லட்சணத்துல, பேட்டரி இருந்த இடத்தையும் சேத்து அமுக்கிக்கிச்சு. பஸ்ல சில பேர் உட்காருவாங்களே, அப்படி.

“பேட்டரி எங்கங்க வைக்கறது?”

“டிக்கியில.”

“டிக்கியிலயா? அது பின்னாடி இல்ல இருக்கு? எஞ்சின் முன்னாடி.”

“நடுவுல வயர் போகும். உனக்குப் புரியாது.”

எனக்குப் புரியாதாம். நான் இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல பலகை முன்னாடி உட்காந்தவ. வயரைத் தொட்டா அதுல பேசறது புருஷனா பொண்டாட்டியான்னு சொல்லுவேன். ஒரே ஒரு தடவைதான் தப்பு பண்ணியிருக்கேன். பல் டாக்டரைக் கேட்டவருக்கு சினிமாக் கொட்டகையைப் போட்டுக் கொடுத்துட்டேன். “எவ்வளவு நேரம் ஆகும்?”னு கேட்டிருக்காரு. “ரெண்டே முக்கால் மணி, நடுவுல இடைவேளை உண்டு”ன்னு பதில். “வலிக்குமா?”ன்னு கேட்டிருக்காரு. “கடைசி அரை மணி எல்லாரும் அழுவாங்க.” அந்த மனுஷன் அதுக்கப்புறம் எந்தப் பல் டாக்டர் பக்கமும் போகல. இன்னைக்கும் முப்பத்திரண்டு பல்லோட இருக்காருன்னு கேள்வி.

சரி, பேட்டரிக்கு வரேன்.

இவரு முதல்ல படம் வரைஞ்சாரு. மூணு வாரம். நாலு கலர் மையில. சமையக்கட்டுச் சுவர்ல ஒட்டினாரு. சிவப்புக் கோடு, கறுப்புக் கோடு, ஃபியூஸ், ஃபியூஸோட மூடி, மூடியோட திருகாணி, திருகாணியோட மரை. மரைக்கு நிழல்கூடப் போட்டிருந்தாரு. நான் அடுப்பைப் பத்த வைக்கும்போதெல்லாம் பேட்டரி என்னையே பாக்கும்.

வேலை ஆரம்பிச்சதும் ஒரு சங்கடம். டிக்கியிலேர்ந்து எஞ்சின் வரைக்கும் பெருவிரல் தண்டிக்கு ஒரு சிவப்பு வயர் கார்ப்பெட்டுக்கு அடியில போகணும். டேஷ்போர்டு கீழ இருக்கற ஓட்டை வழியா முன்பக்கம் போகணும். இவரு கையை உள்ள விட்டாரு. போச்சு. வரல. வெல்டர் வந்து சோப்புத் தண்ணி ஊத்தி உருவி விட்டாரு.

“ஏம்மா, உன் கை ஒல்லியாத்தானே இருக்கு?”

“இப்பதான் தெரிஞ்சுதா?”

அங்கதான் அவரு தப்பு பண்ணினாரு. என்னை வண்டியிலேர்ந்து தள்ளி வைக்கறதுக்காக ஆரம்பிச்ச வேலைக்கு என்னையே உள்ள இறக்கினாரு. நான் தலைகீழாப் படுத்து, தடி வயரை இழுத்து, இரும்பு விளிம்பு வயரைக் கிழிக்காம இருக்க ரப்பர் வளையம் மாட்டி, கார்ப்பெட்டைத் தச்சு முடிச்சேன். எக்ஸ்சேஞ்ச் பழக்கத்துல ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டினேன். ‘லைட்டு’, ‘ஹாரன்’, ‘வைப்பர், சோம்பேறி’. ரெண்டு முன் சீட்டுக்கு அடியிலயும் பெல்ட்டுலேர்ந்து ஒரு சின்ன வயர் தொங்குச்சு.

“இது என்னங்க?”

“அந்தப் பெரிய வண்டியில பெல்ட் போடலைன்னா கீங் கீங்னு கத்துமாம். நமக்கு எதுக்கு? வீட்டுலயே கத்தறதுக்கு ஆள் இருக்கு. டேப் சுத்தி விடு.”

சுத்தினேன். ‘சும்மா இருப்பவர்’னு சீட்டு ஒட்டினேன்.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணின அன்னைக்கு ஒரு கூத்து. இவரு புதுச் சட்டை போட்டுக்கிட்டு உட்காந்து சாவியைத் திருப்பினாரு. ‘டொக்.’ மறுபடியும் திருப்பினாரு. ‘டொக்.’ அப்புறம் ஆக்சிலரேட்டர் கம்பியிலேர்ந்து புகை.

“தீ! தீ! தண்ணி கொண்டா!”

நான் ஓடிப் போய் பேட்டரி வயரைக் கழட்டி விட்டேன். இவரு தண்ணிக்கு நான் ஓடினேன்னு நெனச்சுக்கிட்டு எனக்கு வழி விட்டாரு. புகை அடங்கினதும் மேஜையில பாத்தா, பேப்பருக்கு அடியில ஜடை பின்னின மாதிரி ஒரு செம்புப் பட்டை.

“இது எங்க மாட்டணுங்க?”

“அது உபரி.”

“உங்க படத்துல எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல ஜடை மாதிரி ஒண்ணு வரைஞ்சிருக்கீங்களே.”

படத்தைப் போய்ப் பாத்தாரு. வந்தாரு. ஜடையை எடுத்து மாட்டினாரு. விஷயம் இதுதான். முன்னாடி போன கரண்டு திரும்பி வரணும்ல? எஞ்சின் ரப்பர் மேல உட்காந்திருக்கு, வழி கிடையாது. திரும்பற பாதையை இவரு மறந்துட்டாரு, அது ஆக்சிலரேட்டர் கம்பி வழியா நெரிசல்ல திரும்பிச்சு. வெல்டர் கேட்டதுக்கு, “டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்”னாரு. எங்க அக்கா புருஷனும் இப்படித்தான். காலிங் பெல் மாட்டினாரு. வாசல்ல யாராவது அமுக்கினா சமையக்கட்டு லைட் அணையும். “பாத்தியா, சத்தமே இல்லாத பெல்”னு பெருமை வேற. இன்னைக்கும் அவ வீட்டுல லைட் அணைஞ்சா அவ போய்க் கதவைத் திறப்பா.

ஜடை மாட்டினதும் எஞ்சின் உறுமிச்சு பாருங்க, பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி எல்லாம் கைதட்டுச்சு.

“ஞாயித்துக்கிழமை எடுத்துக்கட்டுமா?”ன்னு கேட்டேன்.

“தாராளமா,”ன்னாரு. அவ்வளவு சுலபமா அவரு எதுக்குமே தாராளம் சொன்னதில்ல. நான் அப்பவே உஷாராகியிருக்கணும்.

ஞாயித்துக்கிழமை உட்காந்து சாவியைத் திருப்பினேன். ஒண்ணும் இல்ல. டொக்கும் இல்ல, டிக்கும் இல்ல. லைட்டுகூட எரியல.

இவரு நிதானமா வந்தாரு. “இரு, பேட்டரியில தண்ணி இருக்கான்னு பாக்கறேன்.” டிக்கியைத் திறந்து, மூடி, வந்து உட்காந்து, டேஷ்போர்டை ரெண்டு தட்டுத் தட்டி, சாவியைத் திருப்பினாரு. உர்ர்ர்!

“பாத்தியா? கைராசி.”

“உங்க கைக்கா?”

“மாடு மாதிரிம்மா இது. யாரு கட்டினாங்களோ அவங்களைத்தான் அண்டும். வா, நானே கொண்டு விடறேன்.”

பத்து நிமிஷம். ஹாரன். நாத்தனார் செருப்பு மாட்டிக்கிட்டிருந்தா, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறும் அதே. அதுக்கடுத்ததும் அதே. ஒவ்வொரு தடவையும் டிக்கி, தண்ணி, தட்டு, உறுமல். நானும் முதல்ல நம்பிட்டேங்க. என் கைக்கு ராசி இல்லைன்னே நெனச்சு அழுகை வந்துடுச்சு. அக்காகிட்ட போன்ல சொன்னேன்.

“அவரு தட்டினாதான் ஓடுதுக்கா.”

“தட்டறதுக்கு முன்னாடி என்ன பண்ணறாரு?”

“பேட்டரிக்குத் தண்ணி பாக்கறாரு.”

“வாரா வாரமா? செடியா வளக்கறாரு?”

எனக்குச் சுருக்குன்னுது. அவரு குளிக்கப் போன நேரம் பாத்து டிக்கியைத் திறந்தேன். பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால ஒரு சிவப்புக் குமிழ். இந்தப் பக்கம் திருப்பினா உயிரு, அந்தப் பக்கம் திருப்பினா பொணம். சமையக்கட்டுக்கு ஓடினேன், படத்தைப் பாத்தேன். மரைக்கு நிழல் போட்ட மனுஷன் இந்தக் குமிழை மட்டும் வரையல.

உள்ள அவரு பாட்டுப் பாடிக்கிட்டுக் குளிக்கறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தண்ணி மோட்டாரை நிறுத்தி சோப்பு நுரையோட நிக்க வச்சிருக்கலாம். குமிழைத் திருப்பி வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம். ஆனா என்ன பிரயோஜனம்? அடுத்த வாரம் குமிழ் வேற இடத்துக்குப் போகும். பேட்டரியையே டிக்கிக்கு அனுப்பின மனுஷன், குமிழை மொட்டை மாடிக்குக்கூட அனுப்புவாரு. நான் ஆயுசு பூரா குமிழ் தேடணும். சண்டை போட்டாலும் தோக்கறது நான்தான், அவருக்குத் தொண்டை பெருசு.

அப்பதான் பக்கத்து சீட்டு அடியில தொங்கினவர் ஞாபகம் வந்தாரு. சும்மா இருப்பவர்.

சாவியைத் திருப்பினா தடி வயர்ல நேரா கரண்டு போகாதுங்க. முதல்ல ஒரு ஒல்லி வயர் போய் ரிலேன்னு ஒரு டப்பாவை எழுப்பும், டப்பா எழுந்து தடி வயரை எழுப்பும். ஆபீஸ்ல பியூன் போய் மேனேஜரை எழுப்பற மாதிரி. பியூனைப் பிடிச்சு வச்சுக்கிட்டா மேனேஜர் தூங்கிக்கிட்டே இருப்பாரு. வியாழக்கிழமை இவரு ரேஷன் கார்டு வேலையா வெளிய போனாரு, மூணு மணி நேரம் வரிசை. நான் தலைகீழாப் படுத்தேன். பழைய விரல், பழைய வேலை. அஞ்சாவது நிமிஷம் முடிஞ்சிடுச்சு. மிச்ச நேரத்துல கார்ப்பெட்டைப் பழைய தையல் ஓட்டையிலயே திரும்பத் தச்சேன்.

அந்த ஞாயித்துக்கிழமைதான் இவரு தன் ஆபீஸ் ஆளுங்களை எஞ்சின் பாக்கக் கூப்பிட்டிருந்தாரு. ரிட்டையர்டு ஆளுங்க நாலு பேர், கூட இவரோட பழைய சீஃப். இவரு வரைஞ்ச சாக்கடைக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட மனுஷன். வெல்டரும் வந்து நின்னாரு. எல்லாருக்கும் டீ கொடுத்தேன். இவரு சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு ஒரு பிரசங்கம்.

“சார், எஞ்சின் பெருசு, இடம் சிறுசு. பேட்டரியைப் பின்னால கொண்டு போனேன். எடையும் சமமாச்சு. எல்லாம் ஒத்தை ஆளா.”

“வயரிங்கூடவா?”ன்னாரு சீஃப்.

“வயரிங்தான் சார் முக்கியம்.”

நான் டீ தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் ஒல்லிக் கை ரெண்டும் தட்டுக்கு அடியில இருந்துச்சு, யாருக்கும் தெரியல.

“ஆனா ஒண்ணு சார். வேற யாரு கைக்கும் இது மசியாது. வீட்டுல ட்ரை பண்ணிப் பாத்துட்டாங்க. கைராசி வேணும்.” சொல்லிக்கிட்டே டிக்கிக்குப் போனாரு, தண்ணி பாத்தாரு, வந்து உட்காந்தாரு. ரெண்டு தட்டு. சாவி.

லைட் எரிஞ்சுது. எஞ்சின் எழுந்திரிக்கல.

மூணு தட்டு. சாவி. ஒண்ணும் இல்ல. இறங்கி டிக்கிக்கு ஓடினாரு. வந்தாரு. சாவி. மறுபடியும் டிக்கி. நாலாவது நடையில சீஃப் கேட்டாரு, “ஏம்ப்பா, பின்னால என்ன இருக்கு? அடிக்கடி போறியே?”

“தண்ணி சார்.”

“குடிக்கவா?”

நெத்தி பூரா வேர்வை. நான் டீ தட்டைக் கீழ வச்சேன்.

“நான் ஒரு தடவை பாக்கட்டுமாங்க?”

“உனக்கு ராசி இல்லையேம்மா.”

“இல்லைதான். எத்தனையோ பாத்தாச்சு, இதையும் பாத்துடுவோம். எனக்குப் பயமா இருக்கு, நீங்க பக்கத்து சீட்டுல உட்காருங்க.”

நாலு பேர் பாத்துக்கிட்டிருக்காங்களே, மாட்டேன்னு சொல்ல முடியுமா? உட்காந்தாரு.

“பெல்ட் போடுங்க.”

“வீட்டு வாசல்லயே எதுக்கு?”

“சீஃப் சார், நீங்களே சொல்லுங்க.”

“போடுய்யா. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல.”

‘க்ளிக்.’ நான் டேஷ்போர்டை ரெண்டே ரெண்டு தட்டுத் தட்டினேன். சாவி. உர்ர்ர்ர்! வெல்டர் கைதட்டினாரு. சீஃப் டீயைச் சட்டையில ஊத்திக்கிட்டாரு.

இவரு என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். என்னமோ நடந்திருக்குன்னு அவருக்குத் தெரியுது. ஆனா என்னன்னு கேக்கணும்னா குமிழைப் பத்திச் சொல்லணும். குமிழைச் சொன்னா கைராசி போச்சு. சீஃப் வேற எதிர்ல.

“வீட்டம்மா கைதான்யா ராசி!”ன்னாரு சீஃப்.

“ஆமா சார்,”னாரு என் வீட்டுக்காரர். முப்பத்தஞ்சு வருஷத்துல அந்த ரெண்டு வார்த்தையை நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

அப்படியே ரிவர்ஸ் எடுத்து, எந்த சைக்கிள் மேலயும் ஏத்தாம, அக்கா வீட்டுக்குப் போனோம்.

அதுக்கப்புறம் பத்து நாள் அவரு தூங்கல. கார்ப்பெட்டைத் தூக்கிப் பாத்தாரு, குமிழைக் கழட்டிப் பாத்தாரு, படத்தை எடுத்துட்டுப் போய்க் கார் மேல விரிச்சு வச்சுப் பாத்தாரு. தனியா உட்காந்து திருப்பினா ஒண்ணும் இல்ல. நான் ஓட்ட, அவரு பக்கத்துல உட்காந்தா உறுமல். பதினோராவது நாள் முகம் பூரா வெளிச்சத்தோட வந்து நின்னாரு. வெல்டர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்ததை ஜன்னல் வழியா நானும் கேட்டேன்.

“அவ கை ஒண்ணும் இல்லைங்க. நான் பக்கத்துல உட்காந்தாத்தான் வண்டி கிளம்புது. என் ராசிதான். நான் இல்லாம அவ ஒரு அடி நகர முடியாது!”

பாதி உண்மைதான். நான் ஏன் மறுக்கணும்? “ஆமாங்க, நீங்க இல்லாம நான் எங்க போக”ன்னு நானும் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினாரு.

மறுநாள் மத்தியானம் முடி வெட்டிக்கக் கிளம்பினாரு, நடந்தே. இப்ப பதினஞ்சு முடி. நான் அக்கா வீட்டுக் கூடத்துல காலை நீட்டி உட்காந்திருந்தேன். மூணு மணி நேரம் ஆச்சு. நாத்தனார் பஸ் ஏறி, இறங்கி, ஒரு கம்பவுண்டரைக் கல்யாணம் பண்ணி, அவனையும் விட்டுட்டு வந்துட்டா. அப்ப போன் அடிச்சுது.

“ஏய், ஷெட்டுல காரைக் காணோமே!”

“எங்கிட்டதாங்க இருக்கு. அக்கா வீட்டுல இருக்கேன்.”

“எப்படி வந்த? பக்கத்துல யாரு உட்காந்தா?”

“என் கைப்பை.”

அந்தப் பக்கம் படத்தை விரிக்கற காகிதச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு.

“அதுக்கு பெல்ட்டு?”

“போட்டேங்க. உங்களை மாதிரி வாசல்லயே எதுக்குன்னு அது கேக்கல.”